விமானியின் மாந்தோப்பு

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. இங்கே பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, நண்பனோடு கூட்டு வியாபாரம் செய்ய நினைக்கிறான். கணக்கு நான் பார்க்க வேண்டுமாம். மருந்தடிப்பு, விலை பேசுவதெல்லாம் அவனே போனில் கவனித்துக்கொள்வானாம். ‘கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது என்னத்துக்கு, பேராசை’ என்று அப்பா சண்டை போடுகிறார். நீங்கள் இந்தப் பக்கத்து ஆள். என்ன சொல்கிறீர்கள்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேராசை என்று அப்பா சொல்வதை நான் ஒப்பமாட்டேன். விமானி ஆவதற்கான பயிற்சிக்கே அரைக் கோடிக்கு மேல் ஆகிறது, பல வீடுகளில் அது கடன். அப்புறம் அந்தச் சம்பளம் மருத்துவச் சான்றிதழை நம்பி நிற்கிறது. ஒரு ஈ.சி.ஜி. சரியில்லை என்றால் மறுநாள் விமானத்தில் ஏற முடியாது. உடம்பு நன்றாக இருந்தாலும் கம்பெனி இருக்க வேண்டுமே! கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின. 2009-ல் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி எல்லோரையும் காப்பாற்றிய அமெரிக்க விமானி சல்லன்பர்கர், அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் போனதையும் சொன்னார். அவரும் பக்கத் தொழிலாக ஒரு பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் நடத்தியவர்தான். ஆகவே இன்னொரு வருமானம் தேடுவதில் தப்பே இல்லை.

ஆனால் மாங்காய் வியாபாரத்தை போனில் பார்த்துக்கொள்வேன் என்கிறானே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலமடைக் காய் நாட்டிலேயே முந்தி வருவது. அதன் லாபமே அந்த முந்துவதில்தான். மற்ற இடத்துக் காய் சந்தைக்கு வந்துவிட்டால் விலை இறங்கிவிடும். பூ நிற்கும்போது மழையோ மூடுபனியோ வந்தால் அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டும், மருந்தடிக்கவா, பொறுக்கவா என்று. பூப்பேன் விழுந்தால் ஒரு வாரத்தில் பூவெல்லாம் கருகிக் கொட்டும். பறிக்கும் நாளில் கூலி ஆள் வரமாட்டார்கள், பெட்டி பத்தாது, வடக்கே இருந்து வியாபாரி பேசின விலையை மாற்றுவார். லோடு ஏற்றிய லாரி ராத்திரி கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியில் நின்றால் அப்போதும் போன் அடிக்கும். போட்ட பணம் அவனுடையது என்றால் எடுக்காமல் இருப்பானா?

அந்த நேரத்தில் அவன் மறுநாள் விடிகாலை விமானத்துக்காகத் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய விதி 2025-ல்தான் நடைமுறைக்கு வந்தது. விமானிகள் நீதிமன்றம் வரை போய் வாங்கிய ஓய்வு அது. அதை மாங்காய்க்குக் கொடுத்துவிட்டு காக்பிட்டில் போய் உட்காருவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2010 மே 22 அன்று மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். வழியில் கேப்டன் நெடுநேரம் தூங்கியதையும், விழித்த பின் மூளை முழுசாகத் தெளியாத நிலையையும் விசாரணை அறிக்கை சொன்னது. அதற்கும் பக்கத் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. தூக்கம் கெட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஓய்வு நேரம் கம்பெனியின் கணக்கில் விடுமுறையாக இருக்கலாம், பின்னால் உட்கார்ந்திருக்கிற நூற்றெண்பது பேருக்கு அது பாதுகாப்பு.

தோப்பு வேண்டும் என்றால் வாங்கட்டும். வாங்கி, அனுபவமுள்ள குத்தகைக்காரருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி விட்டுவிடட்டும். லாபம் குறைவுதான், ஆனால் ராத்திரி போன் வராது. இல்லை, வியாபாரமே செய்ய வேண்டும் என்றால் கணக்கோடு நிற்காமல் நீங்களே முழுசாக நடத்துங்கள். மருந்து எப்போது, விலை என்ன, யாருக்கு லோடு, எல்லாம் உங்கள் முடிவு. அவன் பணம் மட்டும் போடட்டும், நஷ்டமானாலும் உங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பார்த்தால் உங்களால் முடியும் என்றுதான் தோன்றுகிறது.

எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெளித் தொழிலுக்கு அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தால் எழுத்தில் வாங்கட்டும். வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் அவன் கவலை என்றால், உரிமம் போனால் பணம் தரும் காப்பீடு எடுத்திருக்கிறானா, எவ்வளவுக்கு என்பதையும் கேளுங்கள். தோப்பைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.