மகள் மலைக்குப் போகிறேன் என்கிறாள்

மதிப்பிற்குரிய மேடம்,

நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகளுக்கு ஆகஸ்டில் கல்லூரி. ஹார்வர்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெயரைச் சொன்னால்தான் விஷயம் புரியும். (சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.)

அங்கே கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் 'ப்ரீ ஓரியண்டேஷன்' என்று சில முகாம்கள் நடக்கின்றன. கட்டாயமில்லை. போவதானால் ஒன்றுக்குத்தான் போகலாம். நடனம், நாடகம், இசை என்று வளாகத்திலேயே தங்கிச் செய்யும் கலை முகாம் ஒன்று. நகரத்துக்குள் சமூக சேவை ஒன்று. முதுகில் மூட்டையோடு காட்டில் மலையேறுவது ஒன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்றும் உண்டு.

என் மகள் ஆறு வயதிலிருந்து பரதம் ஆடுகிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் வண்டியோட்டிக் கூட்டிப் போனேன். பனிக்காலத்தில் டீச்சர் வீட்டு வாசலில், ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்து ஆறிப்போன இட்லி சாப்பிட்ட நாட்கள் எத்தனையோ. இரண்டு வருடம் முன்பு அரங்கேற்றமும் நடந்தது. கலை முகாமுக்குத்தான் போவாள் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு? அவளோ மலை என்கிறாள். "அங்கே போயும் சலங்கையாம்மா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

ஐந்தாறு நாள் போன் கிடையாதாம், குளியல் கிடையாதாம். மரத்தில் தார்ப்பாய் கட்டி ஆண், பெண் எல்லோரும் அதன் கீழே வரிசையாகப் படுப்பார்களாம். இவள் சைவம். நடுவில் மாதவிலக்கு வந்தால் என்ன செய்வாள்? மாமியார் வேறு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கிறார். கடைசி வாரம் எல்லோருமாக பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யலாம் என்றிருந்தோம். அதுவும் போச்சு. என் கணவரைக் கேட்டால் "உன் பொண்ணு, நீயே பேசிக்கோ" என்கிறார்.

விண்ணப்பிக்க இன்னும் எட்டு நாள்தான். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஓர் அம்மா, எடிசன்

*

அன்புச் சகோதரி,

முதலில் அந்த "உன் இஷ்ட"த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் மகளுக்கும் தெரியும். 'செய், ஆனால் ஏதாவது ஆனால் என்னிடம் வராதே' என்பதுதான் அது. எட்டு நாள் கெடுவோடு அதையும் சுமக்கிற பிள்ளை பேசாமல்தான் இருக்கும்.

காட்டைப் பற்றிய பயங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பதில் இருக்கிற கேள்விகள் அவை. இந்தப் பயணங்கள் பெரும்பாலும் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பக்கம் போகின்றன. அந்த வட்டாரத்தின் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் வாஷிங்டனே 1,917 மீட்டர்தான். நம் ஊட்டி அதைவிட உயரத்தில் இருக்கிறது. பத்துப் பேர் அளவிலான குழுவோடு இரண்டு மூத்த மாணவர்கள் தலைமை ஏற்றுப் போவார்கள். காட்டில் முதலுதவி செய்யப் பயிற்சி எடுத்தவர்கள். சைவம், ஒவ்வாமை, மருந்து எல்லாவற்றையும் படிவத்திலேயே கேட்டுவிடுவார்கள். கழிப்பறை என்பது ஒரு சின்ன மண்வெட்டி. தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். நாப்கினை மட்டும் புதைக்கக் கூடாது, பையில் போட்டு மூடித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் தலைமை ஏற்கும் மாணவர்கள் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துச் சங்கோஜமில்லாமல் சொல்லிக்கொடுப்பார்கள். ஆண் பிள்ளைகள் விஷயம்: அவரவர் தூக்கப் பைக்குள் ஜிப்பை இழுத்துக்கொண்டு, களைப்பில் எட்டரைக்கே தூங்கிப்போகும் கூட்டம் அது. அடுத்த வாரம் விடுதிக்குப் போனால் அதே மாடியில் பையன்களும் இருக்கப்போகிறார்கள். உங்களுக்குத் தெரியாததா?

இப்போது பரதம்.

இந்த முகாம்கள் திறமை வளர்க்க ஏற்பட்டவை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. டார்ட்மத் கல்லூரியில் 1935 முதலே புது மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போகிறார்கள். எல்லோரையும் மலையேறும் வீரர்களாக்குவதா அவர்கள் நோக்கம்? விஷயம் வேறு. ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்கள் ஆயிரத்து அறுநூறு பேருக்குமேல் இருப்பார்கள். எல்லோருக்கும் சாப்பாடு ஆனன்பர்க் என்ற ஒரே பெரிய கூடத்தில். கல்யாண மண்டபத்தைவிடப் பெரிது, மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நீள நீளமான மர மேஜைகள். முதல் வாரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். தூரத்திலிருந்து ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டால் போதும். அந்தக் கை நடன அரங்கில் பழகியதா, சேற்றில் வழுக்கியபோது பிடித்ததா என்பதில் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் உங்கள் மகளுக்கு வித்தியாசம் இருக்கலாம். பதினோரு வருடமாக அவள் எங்கே போனாலும் 'பரதம் ஆடுகிற பெண்'. கோயில் விழா, தமிழ்ச் சங்கப் பொங்கல், யார் வீட்டு விசேஷமானாலும் "ஒரு அலாரிப்பு ஆடேன்" என்று கேட்டிருப்பார்கள். கலை முகாமில் அவள் முதல் நாளே தேர்ந்தவளாக நிற்பாள். மலையில் அவளும் ஒன்றும் தெரியாதவள், மற்றவர்களும் அப்படியே. யாருக்கும் தன்னைத் தெரியாத இடத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்க ஆசைப்படுகிறாளோ என்னவோ. இது என் ஊகம்தான், அவளிடமே கேளுங்கள். சலங்கை பெட்டிக்குள் இருக்கட்டும். அங்கே மாணவர்கள் நடத்தும் இந்திய நடனக் குழுக்கள் உண்டு. செப்டம்பரில் அவளாகவே எடுத்துக் கட்டினால் அது உங்களுக்காகக் கட்டியதாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் தார்ப்பாய், குளியல் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, கோயிலுக்கு வந்ததும் "அதுவும் போச்சு" என்றீர்கள். எனக்கு உங்கள் முழுக் கடிதமும் அந்த இரண்டு வார்த்தையில் இருப்பதாகப் பட்டது. மகள் எந்த முகாமுக்குப் போனாலும் அந்த வாரம் உங்களிடமிருந்து போகத்தான் போகிறது. கலை முகாமாக இருந்தாலும்தான். அதை நீங்கள் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. "நீ ஒரு வாரம் முன்னாடியே போறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், தார்ப்பாயை இழுக்காமல்.

அப்புறம், மலையேறும் பூட்ஸை இப்போதே வாங்கிவிடுங்கள். புதுப் பூட்ஸோடு போனால் இரண்டாம் நாளே குதிகால் கொப்பளித்துவிடும். வெறுங்காலில் ஆடிப் பழகியவளுக்கு அது இன்னும் கஷ்டம். அதைப் பழக்க ஆகஸ்ட் வரை தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். கூட நீங்கள் போங்கள். பாட்டி வந்தால் பார்க் பெஞ்சு வரைக்கும் வரட்டும். அர்ச்சனையை ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளலாம், பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: கட்டணம் கேட்கும் முகாம்களில் பெரும்பாலும் வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள், தயங்க வேண்டாம். இடங்கள் அளவானவை என்பதால் கேட்ட முகாம் கிடைக்காமலும் போகலாம். இரண்டாவது விருப்பத்தையும் யோசித்து வைப்பது நல்லது.

உங்களுக்குக் கடைசியாக: பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளிக் காலுறை நாலு ஜோடி போதும். முறுக்கு, பருப்புப்பொடியெல்லாம் விடுதி அறைக்கு மட்டும் கட்டிக்கொடுங்கள். வாசனைக்குக் கரடி வரும் என்று காட்டில் பற்பசையைக்கூடத் தூங்கும் இடத்தில் வைக்க விடமாட்டார்கள்.