6,000 ரேண்ட் கிட்டாரும் 60,000 ரேண்ட் கிட்டாரும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல பொறந்து வளந்தவன், வேலைக்காக இப்ப ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவுல இருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுக்கு வாசிப்பேன். கையில இருக்கறது ஒரு பழைய யமஹா எஃப்310. டர்பன்ல நல்லாத்தான் இருந்துச்சு, இங்க கொண்டுவந்ததுலேருந்து ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற கம்பி) இடிச்சு ஒரே கரகரப்பு. சரி புதுசு பாக்கலாம்னு கடைக்குப் போனா 60,000 ரேண்டுக்கு மார்ட்டின் கம்பெனி கிட்டார் ஒண்ண கையில குடுத்துட்டு, 20,000க்கு கீழ இருக்கறதெல்லாம் விளையாட்டு சாமான்னு சொல்றாங்க. யூடியூப்ல பாத்தா "இந்த சீப் கிட்டார் மார்ட்டின தோக்கடிச்சிருச்சு"ன்னு ஆளாளுக்கு வீடியோ. எது நெசம்? மரம் முழுக்க சாலிடா, அதாவது பிளைவுட் இல்லாம ஒரே மரமா இருந்தாத்தான் சவுண்ட் வருமா? என் பட்ஜெட் 6,000. தெரிஞ்சவர்கிட்ட பன்னெண்டு ஸ்ட்ரிங் கிட்டார் ஒண்ணும் சீப்பா வருது, அத எடுத்துடலாமா?

இப்படிக்கு,
லெனேசியாவிலிருந்து ஒரு வாசகன்

*

தம்பி,

மொதல்ல அந்த கரகரப்ப முடிச்சுடுவோம், ஏன்னா அதுக்காக நீ புது கிட்டாரே வாங்க வேண்டியதில்ல. டர்பன் காத்துல தண்ணி அதிகம், ஜோபர்க் கடல்மட்டத்துலேருந்து 1,700 மீட்டருக்கு மேல, அதுவும் ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் உதடு வெடிக்கற அளவுக்கு வறட்சி. மரம் ஈரத்த இழந்தா சுருங்கும், மேல்பலக லேசா உள்ள எறங்கும், கழுத்து பின்னால வளையும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு ரொம்ப கிட்ட வந்துடும், அதான் இடிக்குது. ரிப்பேர் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து கழுத்துக்குள்ள ஓடற கம்பி, அதான் ட்ரஸ் ராட், அத கால் சுத்து லூஸ் பண்ணச் சொல்லு, பாதி பிரச்சன அங்கயே போயிடும். அதோட ஓட்ட போட்ட சோப்பு டப்பாவுல ஈர ஸ்பாஞ்ச வெச்சு கிட்டார் பெட்டிக்குள்ள போட்டு வை, தண்ணி சொட்டக்கூடாது, நல்லா பிழிஞ்சுடணும். ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டரும் வாங்கிக்கோ, 45லேருந்து 55 சதவீதத்துக்குள்ள நின்னா கிட்டாருக்கு சொகம்.

இப்ப அந்த விளையாட்டு சாமான் பேச்சுக்கு வர்றேன். கேலோடோன்னு ஒரு கிட்டார் உண்டு, கேலோ கம்பெனி நம்ம டர்பன்லயே செஞ்சு வித்தது, முழுக்க பிளைவுட், மலிவு சரக்கு. அதுல சேம்பியன்னு ஒரு மாடல், முழு சைஸ் கூட கெடையாது. 1957 ஜூலை 6ஆம் தேதி லிவர்பூல் வூல்டன்ல ஒரு சர்ச் விழாவுல, பின்னால பீட்டில்ஸ்னு பேர் வாங்கின ஜான் லெனன் வாசிச்சது அததான், பால் மெக்கார்ட்னி அவர மொதமொதல்ல பாத்த நாள் அது. உள்ள ஒட்டியிருந்த லேபிள்ல "பிளக்காதுன்னு கியாரண்டி"ன்னு போட்டிருந்தாங்க. பொய் இல்ல, பிளைவுட்ல ஒவ்வொரு அடுக்குக்கும் நார் குறுக்கும் நெடுக்குமா ஓடறதால வறட்சியில சட்டுனு விரிசல் விடாது. (அந்த மலிவு சரக்கு 1999ல லண்டன் ஏலத்துல ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு, ஆனா அது மரத்துக்கு குடுத்த காசு இல்ல.) இந்தப் பக்கம் மஸ்கண்டி, ஜூலு மக்களோட கிட்டார் பாட்டு, அத எடுத்துக்கோ, எண்ணெய் டின்ன ஒடம்பா வெச்சு இகோகோகோன்னு கிட்டார் செஞ்சு வாசிச்ச நாடு இது. கடைக்காரர் இதெல்லாம் யோசிச்சிருக்க மாட்டார், அவருக்கு மார்ட்டின் போகணும், அவ்வளவுதான்.

மரம் சாலிடா இருக்கணுமான்னு கேட்டியே, மேல்பலக மட்டும் சாலிடா இருந்தா போதும். சத்தத்த உண்டாக்கறது பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்க புடிச்சிருக்கற கட்ட, ஒட்டியிருக்கற அந்த பலகதான். இது இன்னிக்கு நேத்து தெரிஞ்ச சங்கதி இல்ல, ஸ்பெயின்ல டோரெஸ்னு பெரிய கைவினைஞர், 1862லயே பக்கமும் முதுகும் காகித அட்டையில செஞ்சு, மேல்பலகைய மட்டும் நல்ல மரத்துல போட்டு ஒரு கிட்டார் பண்ணி வெச்சார், இதே விஷயத்த காட்டறதுக்குத்தான். அப்புறம் இங்கிலாந்துல லேன்காஸ்டர் யுனிவர்சிட்டிக்காரங்க ஒரே டிசைன்ல ஆறு கிட்டார் செய்யச் சொல்லி, முதுகு, பக்க மரத்த மட்டும் மாத்தி, பிரேசில் ரோஸ்வுட்லேருந்து சப்பேலி வரைக்கும், 52 பேர்கிட்ட மரம் தெரியாதபடி இருட்டுல குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. 2018ல ரிசல்ட் வந்துச்சு, மார்க்ல பெருசா வித்தியாசமே இல்ல. ரோஸ்வுட்டுக்குன்னு ஆயிரக்கணக்குல எக்ஸ்ட்ரா குடுக்கறவங்க பெரும்பாலும் கண்ணுக்குத்தான் குடுக்கறாங்க. கண்ணுக்கு அழகா இருக்கறதும் ஒரு சந்தோஷம்தான், நான் மறுக்கல, ஆனா 6,000 பட்ஜெட்ல அது வேணாம்.

அப்ப எத வாங்கறது? எங்கிட்ட கேட்டா யமஹா எஃப்ஜி800. மேல்பலக சாலிட் ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் பிளை, உள்ள பலகைய தாங்கற குச்சிங்கள (பிரேசிங்) செதுக்கி எளச்சிருக்காங்க, அதனால பலக நல்லா அதிரும். எஃப்ஜி வரிச 1966லேருந்து வருது, ஆரம்பத்துல வந்த எஃப்ஜி180 முழுக்க பிளைதான், அதையே அமெரிக்க பாடகர் எலியட் ஸ்மித் மாதிரி ஆளுங்க விரும்பி வாசிச்சிருக்காங்க. நீ சொல்ற மார்ட்டின்லயே வெல கொறஞ்ச எக்ஸ் சீரிஸ் பாரு, மெக்சிகோவுல செய்யறாங்க, பக்கமும் முதுகும் பேப்பர அழுத்தி செஞ்ச லாமினேட், கிச்சன் மேடையில ஒட்டுவாங்களே அந்த ஜாதி. மட்டம்னு சொல்ல வரல, ஜோபர்க் குளிருக்கு அது ஒண்ணும் ஆகாது, பேருக்கு குடுக்கற காச யோசிச்சுக்கோன்னு சொல்றேன்.

ஆனா மலிவு கிட்டார் எதுல மிச்சம் புடிக்குதுன்னு தெரிஞ்சு வாங்கணும். மரம் அறுக்கறது, கழுத்து செதுக்கறது எல்லாம் இப்ப கம்ப்யூட்டர் மிஷின், சைனாவுலயும் இந்தோனேசியாவுலயும் பெரிய பேக்டரியில அதெல்லாம் அச்சு பிசகாம வந்துடும். கடைசி ஒரு மணி நேர கைவேல இருக்கு பாரு, நட்டுல (கழுத்தோட முனையில ஸ்ட்ரிங்க தாங்கற சின்ன துண்டு) ஸ்ட்ரிங் ஒக்கார்ற பள்ளத்த சரியான ஆழத்துக்கு அரம் போடறது, பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங்க தாங்கற சேடில எறக்கறது, ஃப்ரெட் ஓரத்த வழவழப்பாக்கறது, அங்கதான் காசு மிச்சம் புடிப்பாங்க. பள்ளம் ஒசரமா இருந்தா கரகரப்பு வராது, கம்ப்ளெயின்ட் வராது, அதனால அப்படியே விட்டுடறாங்க. புதுசா கத்துக்கறவன் எஃப் கார்ட் புடிக்க முடியாம அழுவறது பாதி இதனாலதான், பாவம் அவன் தன் வெரலத் திட்டிக்கிட்டு இருப்பான். ரெடிமேட் சட்டைய டெய்லர்கிட்ட குடுத்து கை நீளம் கொறைக்கிற மாதிரிதான் இது, பட்ஜெட்ல ஒரு பங்க இந்த கைவேலைக்கு, அதாவது செட்டப்புக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு மீதியில கிட்டார் பாரு.

கடைக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துட்டு போ. மூணாவது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்க அழுத்திட்டு மொத ஃப்ரெட் மேல பாரு, ஒரு பேப்பர் நொழையற எடம் இருந்தா போதும், அதுக்கு மேல இருந்தா நட்டு ஒசரம். பன்னெண்டாவது ஃப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு அடியில ரெண்டரை மில்லிமீட்டர், மெல்லிசுக்கு ரெண்டு, அந்த அளவுல இருந்தா வாசிக்க சொகமா இருக்கும். ஒசரமா இருந்தா சேடில தேச்சு எறக்கலாம், பன்னெண்டுல அரை மில்லி கொறையணும்னா சேடில்ல ஒரு மில்லி தேய்க்கணும். இதெல்லாம் சரி பண்ணிடலாம், ஆனா இன்னொண்ணு உண்டு, அத விட்டுடாத. கழுத்து கோணம். நீள ஸ்கேல ஃப்ரெட் மேல படுக்க வெச்சு பிரிட்ஜ் பக்கம் தள்ளு, முனை பிரிட்ஜோட மேல் விளிம்புல போய் நிக்கணும். பிரிட்ஜோட நெத்தியில கீழ போய் முட்டுச்சுன்னா அந்த பீஸ தொடாத, கழுத்த கழட்டி திரும்ப ஒட்டற செலவு கிட்டார் வெலைய தாண்டிடும். ஒரே மாடல்லயே பீசுக்கு பீஸ் மாறும், கடையில மூணு இருந்தா மூணையும் எடுத்துப் பாரு, கடைக்காரர் மொறச்சா மொறைக்கட்டும்.

அந்த 60,000 மார்ட்டின் சும்மாவான்னா, இல்லப்பா. மெதுவா வெரல்ல தொட்டாலும் பேசும், பலமா அடிச்சாலும் கலங்காது, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் மலிவு கிட்டார்ல கம்மி. பாலிஷும் மெல்லிசா போடுவாங்க. தனியா ரூமுல ஒக்காந்து வெரல்ல வாசிக்கறவனுக்கு அது தெரியும். சர்ச்சுல டிரம்ஸ், கீபோர்ட், பத்து பதினஞ்சு பேர் பாட்டுக்கு நடுவுல பிக்க வெச்சு அடிக்கற உனக்கு தெரியாது, கேக்கறவங்களுக்கு சுத்தமா தெரியாது. யூடியூப் வீடியோவுல அதான் நடக்குது, மைக் வெச்சு கார்ட் அடிச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கும், ஜெயிச்சாச்சுன்னு தலைப்பு வெச்சுடறாங்க. ஒண்ணு மட்டும், எஃப்ஜி800ல மேல்பலக சாலிட், பழைய எஃப்310 மாதிரி வறட்சிய தாங்காது, அந்த ஸ்பாஞ்ச் டப்பாவ மறந்தா பொளந்துடும்.

பன்னெண்டு ஸ்ட்ரிங் வேணவே வேணாம். ஸ்ட்ரிங் இழுவ ரொம்ப ஜாஸ்தி, மலிவு ஒடம்பு தாங்காது, கொஞ்ச வருஷத்துல பிரிட்ஜுக்கு பின்னால பலக வீங்கி கழுத்து முன்னால வந்து நிக்கும். தெரிஞ்சவர் ஏன் சீப்பா தர்றார்னு நெனைக்கற, ஸ்கேல வெச்சுப் பாரு தெரியும்.

அன்புடன்,
அண்ணன்