கழற்றி வைக்கத்தான் சுருள்

அன்புள்ள ஐயா,

கணவர், இரண்டு பிள்ளைகளோடு டோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறேன். இந்த வருடம் சொந்தமாக ஃப்ளாட் வாங்கினோம். ஹாலில் சோஃபாவுக்கு மேலே ஜப்பானியத் தூரிகை எழுத்தில் ஒரு சுருள் செய்து மாட்ட ஆசை. பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு நல்ல வாக்கியத்தையும் எழுதச்சொல்லி, சிவப்பும் தங்கமுமாகப் பட்டு வைத்து, நிரந்தரமாக அங்கேயே இருக்கும்படி. என்ன அளவு, என்ன துணி, ஆர்டர் கொடுக்கும்போது எதைக் கேட்கவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

புது வீட்டுக்கு வாழ்த்துகள். அளவுக்கும் துணிக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இதை எப்போது மாட்டுவீர்கள், எப்போது கழற்றுவீர்கள்? கக்கேஜிக்கு என்கிற அந்தச் சுருள் கழற்றிச் சுருட்டி வைப்பதற்கென்றே செய்யப்படுவது. தேநீர் அறைக்குள் வரும் விருந்தினர் முதலில் தொக்கோனோமா மாடத்தின் முன் அமர்ந்து, அங்கே தொங்கும் சுருளைத்தான் வணங்குகிறார். அன்றைக்கு, அந்தப் பருவத்துக்கு, அந்த விருந்தினருக்கு என்று வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்து மாட்டியது அது. கோடையில் அருவியைக் குறிக்கும் ‘தாக்கி’ என்ற ஒற்றை எழுத்தை மாட்டுவார்கள். அதன் கடைசிக் கோட்டைத் தாளின் அடிவரைக்கும் இழுத்துவிடுவார் எழுதுபவர். பாதி வழியில் மை வற்றி, தூரிகை மயிர் பிரிந்து, கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தாள் தெரியும். வியர்த்து வந்து உட்கார்கிறவருக்கு அதைப் பார்த்தாலே போதும். அதே சுருள் ஜனவரியிலும் தொங்கினால் யார் கண்ணிலும் படாது.

ஆண்டு முழுக்க மாட்டி வைத்தால் சுருளுக்கும் கேடு. வெயிலில் பட்டு வெளுக்கும், ஏசி காற்றில் ஓரம் வளையும், ஜூன் மாத மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நிரந்தரமாக வேண்டும் என்பதுதான் விருப்பமென்றால் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுங்கள். அது நல்ல வழிதான், ஜப்பானிய வீடுகளிலும் உண்டு.

சுருள்தான் வேண்டும் என்றால், அதைச் சுருளாக்குவது எழுத்து அல்ல, பின்னால் ஒட்டுகிற தாள். ஹியோகுஷி என்று அழைக்கப்படும் கைவினைஞர்களின் வேலை அது. கியோட்டோ இதற்குப் பேர்போன ஊர். கோதுமை மாவிலிருந்து பசையத்தை (குளூட்டன்) நீக்கி, மிஞ்சும் மாச்சத்தைக் காய்ச்சி, நீர்க்க நீர்க்கக் கரைத்துத் தடவுவார்கள். தாள்மேல் தாளாக ஒட்டுவார்கள். கடைசியாக ஒட்டும் உதா தாள் நாரா பக்கத்து யோஷினோவில் செய்வது, வெண்களிமண் கலந்தது. பிறகு பலகையில் விறைப்பாக ஒட்டி வாரக்கணக்கில் காயவைத்து, முதுகுப் பக்கத்தை மணிமாலையால் தேய்ப்பார்கள். இவ்வளவும் எதற்கு? நூறு தடவை சுருட்டிப் பிரித்தாலும் மடிப்பு விழக்கூடாது என்பதற்காக. நூறாண்டு கழித்து ஒருவர் நீரால் நனைத்து அத்தனையையும் பிரித்து, புதிதாக ஒட்டவும் முடியும். மலிவான சுருள்களைப் பசைப்படலம் வைத்து இயந்திரத்தில் சூடாக அழுத்தி ஒட்டுகிறார்கள். அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: கையால் ஒட்டியதா, இயந்திரமா?

சோஃபாவுக்கு மேலே வேண்டாம். தலை சாய்க்கிற இடம், எண்ணெய் படும். உயரமும் போதாது. ஒற்றை வரி எழுதும் வழக்கமான தாள் 35க்கு 136 சென்டிமீட்டர்; துணி சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். உங்கள் ஃப்ளாட்டின் கூரை 2.4 மீட்டர் இருந்தால் பெரிது. அதில் பாதித் தாளில், 35க்கு 68இல் எழுதச் சொல்லுங்கள். வெயில் நேராக விழாத ஒடுக்கமான சுவர் எது என்று பார்த்து, அங்கே ஒரு நாள் வெறும் தாளை ஒட்டிப் பாருங்கள்.

சிவப்பும் தங்கமும் பற்றி: தங்க இழைப் பட்டான கின்ரானுக்கு உரிய இடம், எழுத்துக்கு மேலும் கீழும் வருகிற இச்சிமொன்ஜி என்ற மெல்லிய பட்டை. மேலே இருப்பது கீழே இருப்பதைப்போல இரு மடங்கு அகலம். அங்கே தங்கம் போதும். சுற்றிலும் வரும் துணி சாம்பலோ மங்கலான பச்சையோ தேயிலைப் பழுப்போ ஆக இருக்கட்டும். கருப்பு மை, சிவப்பு முத்திரை இரண்டும்தான் கண்ணில் படவேண்டும். சுற்றிலும் சிவப்புத் துணி வந்தால் எழுதியவரின் முத்திரை செத்துப்போகும். புத்தர் படத்துக்கும் சூத்திரங்களுக்கும் செய்யும் கனமான அலங்காரத்தைக் குடும்ப வரிக்குப் போடுவதும் பொருந்தாது.

பிள்ளைகளின் பெயர்களை வாக்கியத்தோடு சேர்க்காதீர்கள். குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் எழுதி வீட்டில் வைக்கும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அது தனித்தாள், கொஞ்ச நாளில் எடுத்து வைத்துவிடுவார்கள். உங்களுக்கு நான் சொல்வது ஷிக்கிஷி-கக்கே. நடுவில் ஒன்றும் எழுதாத சுருள் அது. 27க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள ஷிக்கிஷி அட்டையை அதில் செருகி மாற்றிக்கொள்ளலாம். பெரியவன் பிறந்தநாளுக்கு அவன் பெயர், சின்னவளுக்கு அவள் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்தில். கோடைக்கு அருவி. மற்ற நாளில் அந்த நல்ல வாக்கியம். அட்டைகளை ஒன்றொன்றாக, வருடத்துக்கு ஒன்று எழுதி வாங்கலாம். பிள்ளைகளே பள்ளியில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள், அவர்கள் எழுதியதையும் செருகலாம்.

கிரி மரப் பெட்டியும் சேர்த்து வாங்குங்கள், அந்த மரம் ஈரத்தை அண்டவிடாது. இறுக்கிச் சுருட்டக்கூடாது. இலையுதிர்காலத்தில் வறண்ட நாளாகப் பார்த்து நிழலில் காற்றாட விடுங்கள். புத்தாண்டுக்கு மாட்டவேண்டுமானால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், டிசம்பரில் போனால் கையால் ஒட்டித் தர யாருக்கும் நேரம் இருக்காது.