பாடத்தில் வரும் புதுச் சொல்லைப் பிள்ளைகள் மனத்தில் நிறுத்துவது எப்படி? – கேள்வி பதில்

வாசிப்பிலிருந்து சொல்வளம் சேர்ப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்குத் தமிழாசிரியை ஒருவரின் பதில்கள்.

கேள்வி: டீச்சர், ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு உரைநடைப் பாடத்தில் முப்பது சொல்லாவது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் பொருள் எழுதிப்போட்டால் ஒரு பாடவேளை போய்விடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: ஆறிலிருந்து எட்டுச் சொல் போதும் சார். முப்பதையும் மூன்றாகப் பிரியுங்கள். சில சொற்களின் பொருள் பிள்ளைக்குத் தெரியும், எழுத்து வழக்குதான் புதிது. ‘உறங்கினான்’ என்றால் ‘தூங்கினான்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். சில சொற்கள் அந்தப் பாடத்தோடு முடிந்துபோகும்: பாய்மரக் கப்பலின் ஓர் உறுப்பு, பழைய அணிகலன் ஒன்றின் பெயர். அவற்றுக்குப் படம் காட்டினால் போதும். மூன்றாவது வகைக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். எல்லாப் பாடத்திலும் செய்தித்தாளிலும் வினாத்தாளிலும் திரும்பத் திரும்ப வருகிறவை அவை: விளைவு, சான்று, முரண், தவிர், கருது, வேறுபடுத்து. ‘வேறுபடுத்துக’ என்ற வினாவுக்கு இரண்டில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கும், அந்தச் சொல்தான் பிடிபட்டிருக்காது.

இந்த எட்டிலும், தெரியாவிட்டால் பாடமே புரியாது என்கிற இரண்டு மூன்றை மட்டும் வாசிப்புக்கு முன் சொல்லுங்கள். மற்றவற்றை வாசித்து முடித்தபின் எடுங்கள். தெரியாத சொல்லைப் பென்சிலால் கோடிடச் சொல்வது நல்லதுதான், ஆனால் தெரியும் என்று தவறாக நினைக்கும் சொல்லின் கீழ் எந்தப் பிள்ளையும் கோடு போடாது. அவற்றை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: சூழலைப் பார்த்துப் பொருளை ஊகிக்கச் சொன்னால், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்.

பதில்: தமிழில் ஊகிப்பதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். அந்தப் படியை விட்டுவிடுவதால்தான் இப்படி ஆகிறது. ‘மழையின்மையால் பயிர்கள் கருகின’ என்ற வரியில் திணறுகிற பிள்ளைக்கு ‘மழை + இன்மை + ஆல்’ என்று பலகையில் பிரித்துக் காட்டுங்கள். முதல் துண்டு தெரியும், கடைசித் துண்டு வேற்றுமை உருபு. மிஞ்சுவது ‘இன்மை’ மட்டும். பயிர் ஏன் கருகியது என்று கேட்டால், ‘இல்லாமை’ என்று பிள்ளையே சொல்லிவிடும். அந்த ஒரு துண்டு பிடிபட்டதும் வேலையின்மை, உறக்கமின்மை, ஒற்றுமையின்மை எல்லாம் திறந்துகொள்ளும்.

வரிசை இதுதான்: முன்பின் வரிகளை வாசி, சொல்லைப் பிரி, பெயரா வினையா என்று பார், பொருளை ஊகி, ஊகித்ததை அதே வரியில் வைத்து உரக்க வாசி, பிறகு அகராதி. ஐந்தாவதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். வரியில் வைத்து வாசித்தாலே பாதித் தவறு காதில் உறுத்திவிடும்.

எல்லா வரியும் உதவாது. ‘அவர் பேச்சில் எள்ளல் இருந்தது’ என்பதை வைத்து யாராலும் எதையும் ஊகிக்க முடியாது. அங்கே ‘எள்ளல் என்றால் கேலி’ என்று பொருளை நேராகச் சொல்லிவிடுங்கள். செய்யுளில் ஊகம் தவறான பக்கமே இழுக்கும். குறள் 1274இல் வரும் ‘நாற்றம்’ மொட்டுக்குள் இருக்கும் நறுமணம்; இன்றைய வழக்கை வைத்து வாசித்தால் குறளே கெட்டுவிடும். இன்னொன்று: நூறு சொல் உள்ள பத்தியில் ஐந்துக்கு மேல் தெரியாதவை இருந்தால் ஊகிக்கப் பிடிமானமே இருக்காது. அந்தப் பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. அகராதியில் தேடிவிட்டு ‘இந்தச் சொல்லே இல்லை’ என்கிறான்.

பதில்: பெரும்பாலும் மூன்று காரணம்தான் அம்மா. முதலாவது எழுத்து வரிசை. மெய்வரிசையில் ற, ன இரண்டும் கடைசி. அதனால் ‘மனம்’ என்பது மலை, மழை, மறை எல்லாம் தாண்டித்தான் வரும். புள்ளி எழுத்து முன்னால் வருவதால் ‘அக்கா’ முதலில், ‘அகம்’ பிறகு.

இரண்டாவது புணர்ச்சி, அதாவது இரு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. ‘கற்சிலை’ கிடைக்காவிட்டால் ‘கல்’ பார்க்க வேண்டும். சொல்லின் நடுவில் ற் வந்து பிரிக்க முடிந்தால் அங்கே ல் அல்லது ன் இருந்திருக்கலாம்: கற்சிலை (கல் + சிலை), பொற்காலம் (பொன் + காலம்). ட் வந்தால் ள் அல்லது ண்: முட்செடி (முள் + செடி), மட்குடம் (மண் + குடம்). இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதி அகராதிக்குள் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வினைச்சொல். ‘நின்றான்’ அகராதியில் இருக்காது, ‘நில்’ இருக்கும். ‘கற்றாள்’ என்றால் ‘கல்’, ‘கேட்டான்’ என்றால் ‘கேள்’. பழைய பேரகராதிகளில் ‘-தல்’ அல்லது ‘-த்தல்’ சேர்த்துப் போட்டிருப்பார்கள். கட்டளையிடும் வடிவத்தைச் சொல்லிப் பார் என்றால் பையனுக்கே வேர் கிடைத்துவிடும்.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியர். கரைசல், கரைப்பான், கரைபொருள் மூன்றையும் குழப்புகிறார்கள்.

பதில்: மூன்றையும் தனித்தனி வரையறையாக மனப்பாடம் செய்ய வைத்தால் குழம்பத்தான் செய்யும். ‘கரை’ என்ற வினையை நடுவில் எழுதுங்கள். கரைப்பது கரைப்பான், கரைகிற பொருள் கரைபொருள், கரைந்து கிடைப்பது கரைசல். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு கரண்டிச் சர்க்கரையும் வைத்துக்கொண்டு சொன்னால் ஐந்து நிமிட வேலை. அதோடு, பழகிய சொல் உங்கள் பாடத்தில் வேறு பொருளில் வரும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். தமிழ் வகுப்பில் ‘வினை’ என்றால் ஓடு, படி; வேதியியலில் அதுவே வேதி மாற்றம்.

கேள்வி: சொல்லும் பொருளுமாக ஐந்து தடவை எழுத வைக்கிறேன். அடுத்த வாரம் மறந்துவிடுகிறாள். நாலாம் வகுப்பு.

பதில்: ஐந்தாவது தடவை கைதான் எழுதுகிறது அம்மா, மனம் அங்கே இல்லை. நினைவிலிருந்து எடுக்க வைத்தால்தான் நிற்கும். வாரம் ஐந்து சொல் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டை. முன்பக்கம் சொல்லும், அது வந்த வரியும். பின்பக்கம் அவள் வாயால் சொன்ன பொருளும், அவளே எழுதிய ஒரு வாக்கியமும். மூன்று தீப்பெட்டி அல்லது உறை: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்ததற்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விவரித்த முறையின் சுருக்கம் இது.

பொருளுக்கு ஒற்றைச் சொல் எழுதுவதுதான் பெரிய தொல்லை. ‘சிக்கனம் = கஞ்சத்தனம்’ என்று எழுதியவள் ‘என் பாட்டி கஞ்சத்தனமாக நல்லபடி குடும்பம் நடத்தினார்’ என்றுதான் எழுதுவாள். எது சிக்கனம், எது சிக்கனம் இல்லை என்று ஒவ்வோர் எடுத்துக்காட்டு கேளுங்கள். வாக்கியத்தில் ‘ஏனென்றால்’ வரவேண்டும் என்று வையுங்கள். ‘எனக்குச் சிக்கனம் பிடிக்கும்’ என்பதில் பொருள் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை.

கேள்வி: நிறைய வாசித்தாலே சொல் தானாக வந்துவிடாதா?

பதில்: வரும், ஆனால் மெதுவாக. ஒரே ஒரு தடவை கண்ணில் பட்ட சொல் பெரும்பாலும் தங்குவதில்லை. அதனால் ஒரே பொருளைப் பற்றிய நாலைந்து சிறு கட்டுரைகளை அடுத்தடுத்துக் கொடுங்கள். ஏரியைப் பற்றி என்றால் மதகு (நீரைத் திறந்துவிடும் வாயில்), கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்), பாசனம், நீர்ப்பிடிப்பு எல்லாம் ஒவ்வொன்றிலும் திரும்ப வரும். பிறகு சோதிக்கும்போது ‘பொருள் எழுதுக’ வேண்டாம். ‘மதகைத் திறந்தால் ஏரியில் நீர் கூடுமா, குறையுமா? ஏன்?’ என்று கேளுங்கள்.