பனிக்காலத்துக்குத் தோல் பூட்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தளியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே பைக்கில் கிளம்ப வேண்டும். ஐப்பசி முதல் தை வரை தினமும் போட ஒரு தோல் பூட்ஸ் வேண்டும். உள்ளே கம்பளி வைத்ததை வாங்கலாமா? நாலு வருஷமாவது உழைக்க வேண்டும்.

பதில்: கம்பளி வைத்தது வேண்டாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போவது உண்மைதான். ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடுகிறது. அப்புறம் அந்தக் கம்பளி கால் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு இரவுக்குள் காயாமல் கிடக்கும். நாற்றம் ஒரு பக்கம்; இன்சோலும் தையல் நூலும் உள்ளிருந்தே இற்றுப்போவது இன்னொரு பக்கம். பைக்கில் கால் சில்லிடுவது கணுக்காலில் காற்று நுழைவதால். கணுக்காலை மூடும் 6 அங்குல உயரமும் கெட்டியான ஒரு ஜோடி சாக்ஸும் அதற்குப் போதும்.

நம் பக்கத்துப் பனிக்காலத்தில் பூட்ஸைக் கெடுப்பது ஈரம். மழை, புல்வெளிப் பனி, வியர்வை மூன்றும் சேர்ந்து வரும் மாதங்கள் இவை. அதனால் முதலில் தோலைப் பாருங்கள். மேல்பரப்பைத் தேய்க்காமல் விட்ட ஃபுல் கிரெய்ன் தோல், 1.8 முதல் 2.2 மி.மீ. தடிமன் இருந்தால் தினசரி உழைப்புக்குத் தாங்கும். தோலின் இழைகள் மிக நெருக்கமாக இருப்பது மேல்பரப்பில்தான். தழும்பு, கொசுக்கடித் தடம் மறையட்டும் என்று அதைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடித்து அச்சுப் போட்டால் கரெக்டட் கிரெய்ன். மேல்பரப்பை முழுக்கச் சீவி எடுத்தபின் மிஞ்சும் அடிப்பகுதிக்குப் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தால் ஸ்ப்ளிட். இதையும் ‘ஜெனுயின் லெதர்’ என்றே விற்பார்கள். அது பொய்யில்லை, தோல்தான். ஆனால் விரல் மடங்கும் இடத்தில் பூச்சு வெடித்ததும் தண்ணீர் நேரே உள்ளே போகும்.

கடையில் கண்டுபிடிக்க, லேஸ் கட்டும் இடத்தில் உள்ள வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலானால் பஞ்சு போன்ற இழை தெரியும். ரெக்சினானால் துணியும் அதன்மேல் ஒரு படலமும் தெரியும். பிறகு கட்டை விரலால் மேலே அழுத்துங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். தடித்த பூச்சு உள்ளது மொத்தமாகக் குழியும். வாசனையை நம்பாதீர்கள், அதுவும் தெளிக்கக் கிடைக்கிறது. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் வேலையைக் கடைக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது.

அடுத்தது நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை. அதன் இரு பக்கமும் மேலிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது லேஸ் துளை வரையாவது பூட்ஸின் உடலோடு மடிப்புத் தோலால் சேர்ந்திருக்க வேண்டும். தனியே தொங்கும் நாக்கென்றால் ஒரு தேங்கல் தண்ணீரைத் தாண்டுவதற்குள் சாக்ஸ் நனைந்துவிடும். விரல் மடங்கும் கோட்டின் குறுக்கே தையல் ஓடும் மாடலையும் தவிருங்கள், முதலில் பிரிவது அங்கேதான். பக்கவாட்டு ஜிப் வசதிதான், ஆனால் தோலுக்கு முன்பே ஜிப் போய்விடும். குதிகால் உட்புறம் துணியும் ஸ்பாஞ்சும் இருந்தால் சீக்கிரம் கிழியும். தோல் வைத்ததைக் கேளுங்கள். கியர் போடும் இடது காலில் தோல் தேயும். ஒரு ரப்பர் கியர் உறை மாட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

நாலு வருஷம் என்பது மேல்தோலுக்குச் சாத்தியம். தினமும் ஒரே ஜோடி என்றால் சோல் அவ்வளவு நாள் வராது, இடையில் மாற்ற வேண்டியிருக்கும். முடிந்தால் இன்னொரு சாதாரண ஷூவும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்ளே போன வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும்.

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய பூட்ஸ். இரண்டு கல்யாணத்துக்குப் போட்டதோடு சரி, பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. போன வாரம் போட்டுக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் சோல் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. அது பியூ எனப்படும் பாலியூரித்தேன் சோல். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அதன் வேதிப் பிணைப்புகள் மெல்ல அறுபடும். போட்டு நடந்தால் நடக்கும்போது அழுந்தி ஈரம் வெளியேறும் என்பார்கள். மூடிய பெட்டியில் பரண்மேல் கிடந்தால் மழைக்கால ஈரமும் கோடை வெக்கையும் சேர்ந்து அதை முடித்துவிடும். விளிம்பில் நகத்தை அழுத்தினால் பதிந்த தடம் அப்படியே நின்றாலோ, பொடி வந்தாலோ அந்தச் சோல் போயிற்று. ஒட்ட முடியாது. மேல்தோல் நன்றாக இருந்தால் வேறு சோல் போட்டுக்கொள்ளலாம்.

இதனால் வாங்கும்போதே பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு, மூன்று வருஷப் பழைய பியூ சோல் லாபமே இல்லை. ரப்பர் சோலுக்கு இந்த நோய் கிடையாது. கையில் எடுத்தால் கனம் தெரியும், வளைத்தால் திமிறும், ஈரத் தரையில் பிடிக்கும். டிபியூ என்ற இன்னொரு வகைச் சோல் தேய்மானம் தாங்கும். ஆனால் டைல்ஸ் தரையில் தண்ணீர் இருந்தால் வழுக்கும். ஈவிஏ என்ற நுரைச் சோல் பஞ்சு போல லேசு, சீக்கிரம் அமுங்கிவிடும்; நடுவில் ஒரு படலமாக இருக்கலாம், தரையில் படும் பாகமாக இருக்கக் கூடாது.

சோல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது இன்னும் முக்கியம். கடைகளில் இருப்பதில் பெரும்பாலானவை பசையால் ஒட்டியவை. சுற்றிலும் தெரியும் தையலைப் பார்த்து ஏமாற வேண்டாம், ரப்பரிலேயே அச்சாக வார்த்த போலித் தையல் நிறைய வருகிறது. சோலைத் திருப்பி அடியில் பள்ளத்துக்குள் நூல் ஓடுகிறதா பாருங்கள். மேலே விளிம்புப் பட்டையிலும் அடியிலும் நூல் தெரிந்து, உள்ளே தெரியாவிட்டால் அது குட்இயர் வெல்ட். மேல்தோலைத் தொடாமல் சோலை மட்டும் பிரித்து மாற்றலாம். உள் அட்டையைத் தூக்கினால் தையல் தெரிகிறது என்றால் பிளேக் தையல். அந்த ஓட்டை வழியே ஈரம் ஏறும், மழைக்கு அவ்வளவு நல்லதல்ல. வெல்ட் விலை கூடுதல். ஆனால் அதை மாற்றிப் போடத் தெரிந்தவர் உங்கள் ஊரிலோ, போய்வரும் பெங்களூரிலோ இருக்கிறாரா என்று முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தமில்லை.

சிக்கனமான வழி ஒன்று உண்டு. ஓரம் எழும்பிய ரப்பர் சோல் ஒட்டிய பூட்ஸ் வாங்கி, போட ஆரம்பிப்பதற்கு முன்பே செருப்புத் தைப்பவரிடம் மெழுகிட்ட நைலான் நூலால் சுற்றிலும் சைடு தையல் போட்டுக்கொள்வது. பிரிந்தபின் தைத்தால் உள்ளே புகுந்த மண்ணோடு சேர்த்துத் தைப்பதாகும். வீட்டில் ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது கண்ணாடியாக இறுகி, நடக்கும்போது வளையும் இடத்தில் உடைந்துவிடும்; பிறகு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. ரப்பர் சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, அழுத்திக் கட்டிவைப்பதுதான் முறை.

கேள்வி: நம்பர் 8 போடுபவன் பூட்ஸுக்கு 9 எடுக்க வேண்டுமா?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். யூகே அளவில் ஒரு நம்பருக்கு ஏறத்தாழ 8.5 மி.மீ. வித்தியாசம், அரை நம்பருக்கு அதில் பாதி. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் அதே சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டி நடந்தால் குதிகால் ஓரிரு மி.மீ.க்கு மேல் தூக்கக் கூடாது. அகலத்தில் இறுக்கினால் நம்பரைக் கூட்டாமல் வேறு மாடலுக்குப் போங்கள். நீளத்தைக் கூட்டினால் மடிப்பு தப்பான இடத்தில் விழுந்து தோல் அங்கே வெடிக்கும். யூகே 8 என்பது ஐரோப்பிய 42, அமெரிக்க ஆண்கள் அளவில் 9. பெட்டியில் எந்த அளவு என்று பார்க்காமல் ஆர்டர் போடுபவர்கள்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறார்கள்.

கேள்வி: மழையில் நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைத்தேன். முன்பக்கம் கட்டையாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகுமா?

பதில்: ஈரத் தோலில் சூடு பட்டால் இழைகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பசையும் இளகும். வெடிப்பு விழாவிட்டால் ஓரளவு மீட்கலாம். ஈரத் துணியால் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே கண்டிஷனர் கிரீமை மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் விட்டு, இன்னொரு முறை தடவுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் பார்ப்பதுதானே, அதே வெள்ளைப் படலம் தோல்மேலும் வரும். தூசியைப் பிடிக்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும், தோலை அளவுக்கு மீறித் தளர்த்தி வடிவத்தைக் கெடுக்கும்.

இனி நனைந்தால் லேஸையும் உள் அட்டையையும் கழற்றி, நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் படுக்கவையுங்கள். முதல் சில மணி நேரத்துக்கு மணிக்கு ஒருமுறை பேப்பரை மாற்றுங்கள். முழுக்கக் காய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். தேன்மெழுகு சேர்ந்த வேக்ஸ் பாலிஷை மழைக்கு முன்பே தையல் ஓரங்களில் அழுத்தித் தேய்த்து வைத்தால் பாதி வேலை மிச்சம். வெள்ளைப் பூஞ்சை வந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒற்றிக் காயவிடுங்கள். மாட்டுக் கொட்டகைக்கும் யூரியா போடவும் தோல் பூட்ஸ் வேண்டாம். அங்கே கம்பூட்தான் சரி.

கேள்வி: ஆம்பூர், வாணியம்பாடியில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று மலிவாகக் கிடைக்கிறதே, நம்பலாமா?

பதில்: கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலையில் நேரே போகும் தூரம், போய்வருவதில் தப்பில்லை. ஐரோப்பாவுக்குத் தைத்தது என்றால் ஷூவிலோ ஸ்டிக்கரிலோ சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். மேல்பாகம், உள்லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனி அடையாளம். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அதே வடிவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் பூச்சுத் தோல். பின்னிய வலை போல என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் பிளாஸ்டிக், ரப்பர் வகை. விற்பவர் வாய் பேசுவதைவிட இந்தப் படம் தெளிவாகப் பேசும். இரண்டு காலையும் சோல் பக்கம் ஒட்டிவைத்து நீளம் சரிபாருங்கள். மிச்சச் சரக்கில் ஜோடி மாறுவது சகஜம். பில் கிடைக்காது என்றால் அதையும் விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. எல்லையை ஒட்டிய விலையில் இருக்கும் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது, இந்த வித்தியாசம் பூட்ஸின் தரத்தில் சேரவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவையே வெளியிலும் போடலாமே?

பதில்: போடலாம், ஆனால் அதை வாங்கப் போகாதீர்கள். ஐஎஸ் 15298 (பகுதி 2) முத்திரை உள்ள சேஃப்டி ஷூவின் முன்தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும். அந்தக் கனம் நடைக்குச் சுமை. இரும்புத் தொப்பி என்றால் குளிரில் விரலும் சில்லிடும். பெரும்பாலும் நேரடியாக வார்த்த பியூ சோல் என்பதால் மாற்றவும் இயலாது. ஐஎஸ்ஐ முத்திரை நிஜமா என்பதை அதிலுள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, முத்திரை தரும் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகன் ஜனவரியில் படிப்புக்குக் கனடா போகிறான். இங்கேயே பூட்ஸ் வாங்கிக் கொடுத்தனுப்பவா?

பதில்: போய் இறங்கும் அன்று போட ஒரு ஜோடி தோல் பூட்ஸ் போதும், பனிக்கான ஜோடியை அங்கே வாங்கட்டும். மைனஸ் 20 டிகிரிக்கு இன்சுலேஷன், கழற்றிக் காயவைக்கும் உள்ளுறை, குளிரில் இறுகாத ரப்பர் சோல் மூன்றும் தேவை. இங்கே விற்கும் பிளாஸ்டிக் கலந்த சோல்கள் அந்தக் குளிரில் விறைத்து ஐஸில் வழுக்கும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும் என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். தோலில் வெள்ளைக் கோடு படிந்தால் அன்றைக்கே நீர்த்த வினிகரால் துடைக்க வேண்டும். விட்டால் தோல் வறண்டு வெடிக்கும்.

கேள்வி: வாங்கி இருபது நாளில் சோல் பிரிந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் போட்டிருக்கிறதே என்கிறார் கடைக்காரர்.

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அங்கே கடைக்காரரின் நல்ல மனசுதான்.

இருபது நாள் ஆகிவிட்டதால் தாமதிக்காதீர்கள். பிரிந்த இடத்தையும் சோல் அடியையும் பில்லையும் படமெடுத்து, கடைக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கடை பெங்களூரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. அதுவரை சோலை ஒட்டவோ தைக்கவோ கொடுக்காதீர்கள். வேறு கை பட்டது தெரிந்தால் குறை தயாரிப்பில் இருந்ததா, ரிப்பேரில் வந்ததா என்ற வாதத்தைக் கடைக்காரர் கையில் நீங்களே கொடுத்ததாகிவிடும்.