சாப்பிடாத பூனை, தூங்காத வீடு

வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர்களின் பதில்கள்

முதன்முதலாகப் பூனை வளர்க்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தெருவில் கிடைத்த குட்டியை எடுத்து வந்து எட்டு மாதமாக வளர்க்கிறோம். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் வருவதில்லை. இதற்கு முன் எங்கள் வீட்டில் எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது சாதாரணமா, ஆபத்தா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
(வாசகி, திருச்சி)

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் 12 மணி நேரம்தான் கெடு. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனையின் கதை வேறு. பட்டினி இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. அப்புறம் மஞ்சள் காமாலை வரும், பசி அடியோடு போய்விடும். குண்டாக இருக்கும் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

டாக்டரிடம் போவதற்குள் வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். வெள்ளை, நீலம், பழுப்பு, மஞ்சள் என்று எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். (சில பூனைகளுக்கு, முக்கியமாகச் செம்பட்டைப் பூனைகளுக்கு, ஈறில் கறுப்புப் புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். புள்ளி இல்லாத இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.)

அடுத்தது மூச்சு. அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருந்தால் நல்லது. அசையாமல் படுத்திருக்கும்போதே 40-ஐத் தாண்டினால் ஆபத்து. நாய் மாதிரி வாயைத் திறந்து இரைத்தால் தண்ணீரோ உணவோ வாயில் ஊற்றாதீர்கள்; இழுத்துப் பிடித்துச் சோதிக்கவும் வேண்டாம்; கூடையில் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடுவது போலத்தான் இருக்கும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளம் இல்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் நுழைத்துப் பார்க்கலாம். 103.5-க்கு மேல் போனாலும் 99-க்குக் கீழே இறங்கினாலும் டாக்டர் பார்க்க வேண்டும். பூனை திமிறினால் விட்டுவிடுங்கள். அந்தப் போராட்டம் நோயைவிட அதிகமாக அதைக் களைக்கச் செய்யும்.

ஈறும் மூச்சும் சரியாக இருந்து, வாந்தியும் இல்லையென்றால் 24 மணி நேரம் ஆகும்வரை சாப்பிட வைத்துப் பார்க்கலாம். பூனை வாசனையை நம்பித்தான் சாப்பிடும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் எதிரில் மீன் இருந்தாலும் அதற்குத் தெரியாது. மூக்கையும் கண்ணையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, மத்தி மீனையோ கோழி நெஞ்சுக்கறியையோ உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரே ஒரு ஸ்பூன் வையுங்கள். இருபது நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். மூக்குக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டே கெஞ்சினால், உடம்பு தேறிய பிறகும் அந்த உணவையே வெறுக்கிற பூனைகள் உண்டு.

கட்டிலுக்கு அடியில் ஒளிவதையும் அலட்சியம் செய்யாதீர்கள். வலி வந்தால் பூனை பெரும்பாலும் கத்தாது, ஒளியும். பக்கத்தில் போனால் குர்ர் என்று சத்தம் போடுகிறதே, அதனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். வலியில் இருக்கும் பூனையும் குர்ர் என்று சத்தம் போடும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது, எவ்வளவு சாப்பிட்டது, வாந்தி எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாக எப்போது சிறுநீர் போனது, போட்ட தடுப்பூசிகள். வாந்தி எடுப்பதையோ மூச்சு விடுவதையோ செல்போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. இருமலையும் வாந்தியையும் வீட்டுக்காரர்கள் மாற்றிச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. வீடியோவில் அது பார்த்ததும் தெரிந்துவிடும். பூனை தேறிய பிறகு வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு பேசின் வைத்து எடை பாருங்கள். நான்கு கிலோ பூனை 3.6 கிலோவுக்கு இறங்கினால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு மூன்று வயது. காலையிலிருந்து பத்துத் தடவையாவது மண் தொட்டிக்குப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். இது மலச்சிக்கலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல், அல்லது சொட்டுச் சொட்டாக வந்து, பின்பக்கத்தையே நக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நோய் இது.

ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை நுனியில் மிகவும் குறுகல். மணல் போன்ற உப்புப் படிகமும் சளியும் சேர்ந்து அங்கே தக்கை போல அடைத்துவிடும். ஒரு நாள் முழுக்க அடைத்திருந்தாலே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும். அது ஏற ஏற இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். முதலில் கத்திக்கொண்டு அலைந்த பூனை பிறகு அமைதியாகப் படுத்துவிட்டால் குணமாகிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். அதுதான் மோசமான கட்டம்.

அடிவயிற்றில் சின்ன சாத்துக்குடி போல் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் அது நிரம்பிய சிறுநீர்ப்பை. அழுத்தாதீர்கள், கிழிந்துவிடும். கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து, “ஆண் பூனைக்கு யூரின் அடைப்பு, டியூப் போடும் வசதி இருக்கிறதா?” என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்கள் இருக்கின்றன. மயக்கம் கொடுத்து மெல்லிய டியூப் செலுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு மூன்று நாள் கவனிப்பில் வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மறுபடி அடைக்கலாம். அதனால் மண் தொட்டியில் தினமும் எத்தனை ஈரக்கட்டி இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு முதல் நான்கு வரை இருப்பது வழக்கம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர், உணவில் இருப்பதையும் சேர்த்து, உள்ளே போக வேண்டும். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். வேகவைத்த மீனில் அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து வைப்பது நல்ல வழி. டாக்டர் எழுதிய தனித் தீனி இருந்தால் அதை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுட்டால், குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா?
(வாசகி, கோவை)

பதில்: ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உள்ளே தங்கும் நஞ்சு ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி செய்துவிடும். ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல், அட்டையையோ பாட்டிலையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது; எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், அந்துருண்டை, வெங்காயம், பூண்டு இவையும் ஆகாது. நாய்க்கு உண்ணி மருந்தாகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

கேள்வி: மல்லிகைச் சரம் கட்டிய நூலைப் பூனை விழுங்கிவிட்டது. வாயில் கொஞ்சம் தொங்குகிறது. இழுத்து எடுத்துவிடலாமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: இழுக்காதீர்கள். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கியிருக்கும். மறுமுனையைக் குடல் தன் வேலையாக உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கும். நீங்களும் வெளியிலிருந்து இழுத்தால் இறுகிய நூல் கத்தி போலக் குடலை அறுத்துவிடும். ஆசனவாயில் தொங்கினாலும் இதேதான். அப்படியே விட்டுவிட்டு, நக்கிப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் நூல் தெரியாது என்பதால் ஸ்கேனும் தேவைப்படலாம். பூக்கட்டிய மிச்ச நூல், தையல் நூல், கோழி கட்டி வந்த கயிறு எல்லாவற்றையும் மூடியுள்ள குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும்.

கேள்வி: மாத்திரை கொடுத்தால் வாயெல்லாம் நுரை தள்ளுகிறது. வலிப்பு வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டோம்.
(வாசகர், வேலூர்)

பதில்: அது கசப்பினால் ஊறும் எச்சில். சில நிமிடத்தில் நின்றுவிடும். மாத்திரை நாக்கின் நுனியில் பட்டுக் கரைந்ததுதான் காரணம்.

பூனையைத் துண்டில் கழுத்து வரை சுற்றி, பின்பக்கம் உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி மேஜையில் உட்கார வையுங்கள். இடது கையால் தலையை மேலிருந்து பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு கன்ன எலும்பிலும் இருக்க, மூக்கு கூரையைப் பார்க்கும்படி சாயுங்கள். கீழ்த்தாடை தானே தளரும். வலது கையின் நடுவிரலால் முன்பற்களை மெல்லக் கீழே அழுத்தி, நாக்கின் மேல், தொண்டையை ஒட்டிய பின்கோடியில், நட்ட நடுவில் மாத்திரையைப் போட்டு வாயை மூடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னப் பக்கமாக, ஒரு மில்லி ஒரு மில்லியாக விடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். காய்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்ஸிசைக்ளின் போன்றவை அங்கேயே புண்ணாக்கி, பிறகு குழாயே சுருங்கிப்போகும்.

கேள்வி: இரண்டரை மாதக் குட்டிக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. பால் குடித்ததால் இருக்குமா? வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது.
(வாசகி, புதுச்சேரி)

பதில்: பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது, பேதியாகும். ஆனால் தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் எடுத்து, சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் பன்லூக்கோபீனியாவாக இருக்கலாம். வெள்ளை அணுக்களை அழிக்கும் வைரஸ் நோய். அன்றைக்கே டிரிப்ஸ் தேவைப்படும். போகும் வழியில் உடம்பு சில்லிடாமல் துணியில் சுற்றுங்கள். துவண்டு கிடந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவுங்கள்.

மற்றப் பூனையைத் தனி அறையில் வையுங்கள். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். ஃபினாயிலுக்கு அசையாது, பூனைக்கு ஃபினாயிலே நஞ்சு வேறு. இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

கேள்வி: மருந்து கொடுக்கும்போது பூனை என் விரலைக் கடித்துவிட்டது. வீட்டுப் பூனைதானே, விட்டுவிடலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம். கையில் தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களிலும், தோலுக்குள் போடுவதானால் 0, 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் தேவைப்படலாம். பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். மறுநாள் விரல் வீங்கிச் சிவந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள். பூனையின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். பூனையைப் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே விடாமல் கவனித்துக்கொண்டிருங்கள். அது நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை உங்களுக்கு ஊசி போடும் டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.