பெரிய பிராசசர், மலிவு போர்டு: அந்த காம்போ எட்டு வருடம் தாங்குமா?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டு, கேம் விளையாடப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யப் போகிறேன். இப்போது 1080பி மானிட்டர்தான். பிறகு கூடுதல் பிக்சல் கொண்ட 1440பி வாங்கும் எண்ணம் உண்டு. ஏழெட்டு வருடம் எதையும் மாற்றாமல் ஓட்ட வேண்டும். அசெம்பிள் செய்து தருபவர், "இன்டெல் 14-ஆம் தலைமுறை ஐ9 பிராசசர் போட்டுவிடுங்கள், பியூச்சர் புரூஃப். மதர்போர்டில் காசைப் போடாதீர்கள், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். அவர் சொல்வதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்தட்ட சரியான பதில் வந்துவிடும்.

முதலில் அந்த "எதையும் மாற்றாமல்" என்ற ஆசையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை பிராசசரை மட்டும் மாற்றுவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டால், கடைசி மூன்று வருடங்களிலும் கேம் நன்றாக ஓடும். 2017-ல் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் வரிசையின் உச்சியில் இருந்தது 1800எக்ஸ், எட்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 2020-ல் நடுத்தர வரிசையில் வந்த 5600எக்ஸுக்கு ஆறே கோர்தான். கேம்களில் அது 1800எக்ஸை எளிதாகத் தாண்டிப் போனது. உச்ச விலை கொடுத்தவருக்கு மூன்று வருடப் பெருமை, அவ்வளவுதான். ஆனால் போர்டில் அந்த இரண்டும் உட்காரும் இடமான சாக்கெட் ஒன்றே: ஏஎம்4. போர்டைச் சரியாக வாங்கியிருந்தவர் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டார்.

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது சாக்கெட்டை. இன்டெல் பக்கம் பாருங்கள். எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் 2020, 2021 என்று இரண்டே தலைமுறை. எல்ஜிஏ 1700-ல் 12, 13, 14 என்று மூன்று. 2024-ல் கோர் அல்ட்ரா வந்தபோது அதையும் மூடிவிட்டு 1851-க்குப் போய்விட்டார்கள். 2017-ல் நடந்தது இன்னும் மோசம்: சாக்கெட்டின் பெயர் அதே 1151, ஆனால் 8-ஆம் தலைமுறைக்குப் புது போர்டு வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. ரைசன் 7000, 9000 இரண்டு வரிசைகளும் அதில் உட்காருகின்றன. 2027-ம் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவோம் என்று கம்பெனியே அறிவித்திருக்கிறது. உங்கள் திட்டத்துக்கு அதுதான் சரி.

உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஐ9-இல் வேறு சிக்கலும் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் சிப்பே கெடுகிற பிரச்சினை இருந்தது. 2024-ல் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது; வாரண்டியையும் ஐந்து வருடமாக நீட்டியது. திருத்தம் போட்டுவிட்டு ஓட்டலாம்தான். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரியாக்காது. பயன்படுத்தியதை "புதுசு மாதிரி" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அதோடு, 14900கே முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். அதை மலிவான எச்610 போர்டில் வைத்தால், போர்டின் மின்சாரப் பகுதி சூடேறி, பிராசசரின் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். ஐ9 விலை கொடுத்து ஐ5 வேகத்தில் விளையாடுவீர்கள். காம்போ விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பில்லில் பளிச்சென்று தெரிவது பிராசசரின் பெயர் மட்டும்தானே.

சரி, எதை வாங்குவது? எட்டு கோர் போதும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது எட்டு கோர்தான். பெரிய கேம்கள் பெரும்பாலும் அவற்றில் ஓடும்படிதான் எழுதப்படுகின்றன. கை கடித்தால் ஆறு கோர் ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸோடு தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். கை தாராளம் என்றால் 7800எக்ஸ்3டி. அதன் பலம் கோர் எண்ணிக்கையில் இல்லை, 96 எம்பி கேச்சில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருக்கிறது. அதே எட்டு கோர் 7700எக்ஸில் 32 எம்பிதான். நகரம் கட்டுவது, போர் வியூகம் போன்ற கேம்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1440பி-க்குப் போன பிறகு பெரும்பாலான கேம்களில் பாரம் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். அதனால் பிராசசரில் மிச்சமாகும் பணம் அங்கேதான் போக வேண்டும்.

போர்டுக்கு பி650 அல்லது பி850. மின்சாரப் பகுதியின் மேல் கனமான உலோகத் தகடு இருக்கிறதா, எஸ்எஸ்டி மாட்ட இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பட்டன் இருந்தால், போர்டுக்கு அடையாளம் தெரியாத புதுப் பிராசசரையும் பென் டிரைவ் வழியாக பயாஸை ஏற்றி ஓட வைக்கலாம். இல்லாதவர்கள் "போர்டு கம்ப்ளெயின்ட்" என்று சொல்லப்பட்டு சர்வீஸ் சார்ஜ் கட்டிவிட்டு வருகிறார்கள். விளக்கு அலங்காரத்துக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஏழெட்டு வருடக் கணக்கில் பிராசசர் சாவது அபூர்வம். முதலில் போவது போர்டுதான். அப்போது அந்தச் சாக்கெட்டுக்குப் புது போர்டு கிடைப்பதும் கஷ்டம். எனவே வாரண்டி நீளமாக உள்ளதை எடுங்கள். பவர் சப்ளையில் மிச்சம் பிடித்து அந்தப் போர்டைக் கொல்லாதீர்கள்.

இனி பெயர்கள். இவற்றை வைப்பவர்களுக்கு வாங்குபவர் மேல் என்ன கோபம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. பி840 என்ற எண் பி650-ஐ விடப் பெரியது. ஆனால் வசதியில் கீழே. பி650-இல் செய்யக்கூடிய பிராசசர் ஓவர்கிளாக்கிங் (வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றுவது) பி840-இல் கிடையாது. 8700ஜி என்பது 7700-க்கு அடுத்தது போலத் தோன்றும். கேச் பாதிதான், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பாதையும் பாதிதான். தனி கிராபிக்ஸ் கார்டு போடாதவருக்கான சிப் அது. கம்பெனிகளே இப்படிக் குழப்பினால் நடுவில் நிற்பவருக்குக் கொண்டாட்டம். கொட்டேஷனில் "ஐ7, 16 ஜிபி" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஐ7 என்ற பெயரில் பதினைந்து வருடச் சரக்கு இருக்கிறது. பெட்டி இல்லாமல் "ட்ரே" பிராசசர் என்று தந்தால், கம்பெனியின் நேரடி வாரண்டி பெரும்பாலும் உங்களுக்கு வராது. விற்றவரைத்தான் துரத்த வேண்டும். பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய ஜியான் சிப்பைப் பெயர் தெரியாத கம்பெனியின் எக்ஸ்99 போர்டில் மாட்டி "புது கேமிங் பிசி" என்று விற்பதும் நடக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதைப் பலர் தவறவிடுவதால் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் கழிக்கப்போகும் பழைய கம்ப்யூட்டரில் ஏஎம்4 போர்டு (பி350, பி450, பி550, எக்ஸ்470 போன்றவை) இருந்தால் அதைக் கழிக்காதீர்கள். 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டில் ஒன்று கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் 5700எக்ஸ் போதும். அந்த "எக்ஸ்" முக்கியம்: வெறும் 5700-இல் கேச் பாதி. 5600-க்குப் பதில் 5500 வாங்கினாலும் அதே கதை: கேச் பாதி. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அந்தப் பிராசசர் ஓடும் என்று பாருங்கள். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கழற்றிய பிறகு செய்ய நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். சில போர்டுகளில் பயாஸ் சிப் சிறியது என்பதால், புதியதற்கு இடம் கொடுக்கப் பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கிவிட்டார்கள். அவற்றில் திரும்பிப் போவது கடினம். அப்புறம், விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிராசசர் மாறியதும் அது கேட்கும். கையில் இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே திறக்காது. 5800எக்ஸ்3டி நன்றாகச் சூடாகும், பெட்டியில் கூலரும் வராது, தனியாக வாங்க வேண்டும்.

மற்றபடி பழைய இன்டெல் போர்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே பல கேம்களை இன்றும் ஓட்டும். ஆனால் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடுகிற சிப்பைக் காகிதத்தில் சாகடித்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்கிறார்கள்.

ரேம் இரண்டே குச்சிகளாக வாங்குங்கள். ஏஎம்5-இல் நான்கு போட்டால் வேகம் குறையும். 6000 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்யாதவரை அது அந்த வேகத்தில் ஓடாது. பல அசெம்பிளர்கள் அதைத் தொடுவதே இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசரின் பெயரும் ரேமின் வேகமும் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து நடுவில் பவரை நிறுத்திவிடாதீர்கள்.